ஆறால் வகுத்துப் பாருங்கள்: இரட்டைப் பகா எண்களிலிருந்து கிடைக்கும் தொடர்வரிசைகள்

பகா எண் என்றால் என்ன என்பது பள்ளியிலேயே படித்ததுதான்: 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐ விடப் பெரிய எண். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்று போகும். இதில் 2 ஒன்றுதான் இரட்டைப்படை, மற்றதெல்லாம் ஒற்றைப்படை, ஆகவே 2, 3 ஜோடியைத் தள்ளிவிட்டால் எந்த இரண்டு பகா எண்களுக்கும் இடையே குறைந்தது 2 வித்தியாசமாவது இருந்தே ஆக வேண்டும். சரியாக அந்த 2 வித்தியாசத்தில் வரும் ஜோடிகளுக்குத்தான் இரட்டைப் பகா எண்கள் என்று பெயர்: (3, 5), (5, 7), (11, 13), (17, 19), (29, 31), (41, 43), (59, 61), (71, 73). நூறுக்குள் இந்த எட்டு ஜோடிதான்.

இவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பது கணிதத்தில் இன்னும் தீராத கேள்வி. வரும் என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறார்கள், நிரூபணம்தான் இல்லை. இதைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பல அங்கேயே ஆரம்பித்து, 'எவ்வளவு பெரிய மர்மம் பாருங்கள்' என்று அங்கேயே முடிந்துவிடும். வாசிப்பவர் கையில் செய்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது, இந்த ஜோடிகளை எடுத்துக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் வகுத்து, வேறு தொடர்வரிசைகளாக மாற்றி எழுதிப் பார்ப்பது. மூல வரிசையில் கண்ணுக்கே தெரியாத சங்கதிகள் அப்போது தானாக வெளியே வரும். காகிதம், பேனா, வகுத்து மீதி பார்க்கத் தெரிந்த கை, இவ்வளவு போதும்.

தொடர்வரிசை என்பது ஏதோ ஒரு விதிப்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுதிய எண்கள், அவ்வளவுதான். முழு எண் தொடர்வரிசைகளைச் சேகரிப்பதற்கென்றே ஓர் இணையக் கலைக்களஞ்சியம் இருக்கிறது, சுருக்கமாக ஓஇஐஎஸ் என்பார்கள். நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் 1964-ல் மாணவராக இருந்தபோது தன் சொந்தத் தேவைக்காகத் தொடங்கிய சேகரிப்பு அது. 1973-ல் 2,372 வரிசைகளோடு புத்தகமாக வந்தது, 1996-ல் இணையத்துக்கு வந்தது, இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் அங்கே ஓர் எண் உண்டு. இரட்டைப் பகா எண்களிலிருந்து பிறந்த வரிசைகள் மட்டுமே அங்கே ஏராளம். அதில் சிலவற்றைத்தான் இங்கே கையாலேயே கட்டப் போகிறோம்.

முதலில் எளிதானது. ஒவ்வொரு ஜோடியிலும் சின்ன எண்ணை மட்டும் எடுத்து எழுதுவோம் (ஏ001359):

3, 5, 11, 17, 29, 41, 59, 71, 101, 107, 137, 149, 179, 191, 197, …

பெரிய எண்ணை மட்டும் எடுத்தால் இதே வரிசையோடு 2 கூட்டியது, புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டையும் கலந்து எழுதினால் ஒரு சின்ன விஷயம் தெரியும்: 5 மட்டும் இரண்டு ஜோடிகளில் வருகிறது. வேறு எந்த எண்ணுக்கும் அந்த யோகம் கிடையாது. ஏனென்றால் அப்படி வர வேண்டுமானால் 2, 2 வித்தியாசத்தில் மூன்று பகா எண்கள் தொடர்ந்து நிற்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்று கண்டிப்பாக 3-ஆல் வகுபட்டுவிடும். 3, 5, 7 மட்டும் தப்பியது, அங்கே 3-ஆல் வகுபடுவது 3-தான் என்பதால்.

அப்புறம் நடு எண்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஓர் இரட்டைப்படை எண் மாட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாத அந்த எண்ணை எடுத்து எழுதுவோம் (ஏ014574):

4, 6, 12, 18, 30, 42, 60, 72, 102, 108, 138, 150, 180, 192, 198, 228, 240, …

இப்போது ஏதோ ஒன்று தெரிகிறது இல்லையா? 4-ஐ விட்டுவிட்டால் எல்லாம் 6-இன் மடங்கு. காரணம் மேலே சொன்னதேதான்: அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-ஆல் வகுபட வேண்டும், இரண்டு ஓரங்களும் பகா எண்கள், எனவே வகுபடுவது நடுவில் இருப்பதுதான், அது ஏற்கெனவே இரட்டைப்படை, ஆக 6-ஆல் வகுபடும்.

இந்த நடு வரிசையில் முழு வர்க்கம் எது எது இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 4 இருக்கிறது. 36? ஒரு பக்கம் 35, பகு எண். 144? ஒரு பக்கம் 143, அது 11 × 13. எவ்வளவு தூரம் போனாலும் 4-ஐத் தவிர இன்னொரு வர்க்கம் கிடைக்காது, ஏனென்றால் எந்த வர்க்கத்திலிருந்தும் 1-ஐக் கழித்தால் அது இரண்டு காரணிகளாகப் பிளந்துவிடும்: 36 − 1 = 5 × 7, 144 − 1 = 11 × 13, 900 − 1 = 29 × 31. இதையே திருப்பிப் படித்தால் இன்னொரு வரிசை கிடைக்கிறது, ஜோடிகளின் பெருக்கற்பலன்:

15, 35, 143, 323, 899, 1763, 3599, 5183, …

ஒவ்வொன்றும் நடு எண்ணின் வர்க்கத்தைவிட ஒன்று குறைவு. 59 × 61 எவ்வளவு என்று யாராவது கேட்டால் 60-இன் வர்க்கம் 3600, ஒன்று குறைவு 3599 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். முதல் எண்ணான 15-ஐ விட்டுவிட்டு மற்றவற்றின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள், ஓரிலக்கம் வரும்வரை: 35 → 8; 143 → 8; 323 → 8; 899 → 26 → 8; 1763 → 17 → 8. எப்போதும் 8-தான். நடு எண் 6-இன் மடங்கு, அதன் வர்க்கம் 36-இன் மடங்கு, ஆகவே 9-இன் மடங்கு, அதிலிருந்து ஒன்று குறைந்தால் 9-ஆல் வகுக்கும்போது மீதி 8. பார்க்க மாயம் மாதிரி இருக்கும், உள்ளே போனால் இரண்டு வரிக் கணக்கு.

சரி, எல்லாமே 6-இன் மடங்கு என்றால் அந்த 6-ஐ ஏன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? வகுத்துவிடுவோம். (4-ஐ மட்டும் ஓரமாக வைத்துவிடலாம்.) கிடைப்பது இது, ஏ002822:

1, 2, 3, 5, 7, 10, 12, 17, 18, 23, 25, 30, 32, 33, 38, 40, 45, 47, 52, 58, 70, 72, 77, 87, 95, 100, …

இதை இனி 'க வரிசை' என்று வைத்துக்கொள்வோம். க என்ற எண் இந்த வரிசையில் இருக்கிறது என்றால் 6க − 1, 6க + 1 இரண்டும் பகா எண்கள் என்று பொருள். உதாரணமாக 17 இருக்கிறது: 6 × 17 = 102, இருபுறமும் 101, 103. இந்த ஒரு வரிசையைத்தான் இந்தக் கட்டுரையில் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரட்டைப் பகா எண்களின் குணம் எல்லாம் 6-இன் மூட்டத்தைக் கலைத்தபிறகு இங்கே பளிச்சென்று தெரிகிறது.

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 1 என்ற எண்ணைத் தவிர, மற்ற எதுவும் 1, 4, 6, 9-இல் முடியவில்லை. எல்லாம் 0, 2, 3, 5, 7, 8 இவற்றில் ஒன்றில்தான் முடிகிறது. 100-க்கு அப்பாலும் அப்படித்தான்: 103, 107, 110, 135, 137, 138, 143, 147. எவ்வளவு தூரம் போனாலும் அப்படித்தான். க-வை 5-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் 6க − 1 என்பது 5-இன் மடங்காகிவிடும். மீதி 4 வந்தால் 6க + 1 என்பது 5-இன் மடங்காகிவிடும். 1-இல், 4-இல், 6-இல், 9-இல் முடியும் எண்களுக்கெல்லாம் இந்த இரண்டு மீதிகளில் ஒன்று வரும், அதோடு அவற்றின் கதை முடிந்தது. 1 தப்பியதற்குக் காரணம், 6 × 1 − 1 என்பதே 5 என்ற பகா எண்.

5 செய்த வேலையை 7-உம் செய்யும், 11-உம் செய்யும், 13-உம் செய்யும். இங்கேதான் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. 5-உம் 7-உம் 6 × 1-இன் இரு பக்கம் இருப்பவை. அவை தங்கள் மடங்குகளுக்கு 1 தள்ளி, முன்னும் பின்னும் இருக்கும் எண்களை அடித்துப்போடும். 11-உம் 13-உம் 6 × 2-இன் இரு பக்கம். அவை தங்கள் மடங்குகளுக்கு 2 தள்ளி இருப்பவற்றை அடிக்கும். 17, 19 என்றால் 3 தள்ளி. 23 என்றால் 4 தள்ளி. இப்படியே போகும். ஏன் இப்படி என்றால், க = 2 என்று வைத்தால் 6க − 1 = 11; அதிலிருந்து க-வை 11, 11-ஆகக் கூட்டினால் 6க-வில் 66, 66-ஆகக் கூடும், 11-ஆல் வகுபடும் தன்மை மாறாது. ஆக 13, 24, 35 எல்லாம் போய்விடும். மறுபக்கம் க = 9 என்றால் 6க + 1 = 55, அதுவும் 11-இன் மடங்கு; அங்கிருந்து 20, 31, 42 எல்லாம் போய்விடும்.

இதைச் செய்துதான் பார்த்துவிடுவோமே. 1 முதல் 47 வரை எண்களை எழுதிக்கொள்ளுங்கள். (47 வரை என்றால் 5, 7, 11, 13 நான்கும் போதும்; 17-க்கு முதல் தனி வேலை 48-இல்தான் வரும், ஏனென்றால் 6 × 48 + 1 = 289 = 17 × 17.) முதலில் 5-இன் மடங்குகளுக்கு ஒன்று முன்னும் பின்னும் இருப்பதை அடிக்கிறோம், 1-ஐ மட்டும் விட்டுவிட்டு. மிஞ்சுவது:

1, 2, 3, 5, 7, 8, 10, 12, 13, 15, 17, 18, 20, 22, 23, 25, 27, 28, 30, 32, 33, 35, 37, 38, 40, 42, 43, 45, 47

அடுத்து 7. அதன் மடங்குகளுக்கு ஒன்று முன்பின்: 6, 8, 13, 15, 20, 22, 27, 29, 34, 36, 41, 43. இதில் இன்னும் உயிரோடு இருப்பது 8, 13, 15, 20, 22, 27, 43. அவை போயின. அடுத்து 11, இரண்டு தள்ளி (2 என்பது 11-ஐயே தருவதால் அதைத் தொடக் கூடாது): புதிதாகப் போவது 35, 42. கடைசியாக 13, இரண்டு தள்ளி: 28, 37 போகின்றன. இப்போது மிச்சம்:

1, 2, 3, 5, 7, 10, 12, 17, 18, 23, 25, 30, 32, 33, 38, 40, 45, 47

மேலே எழுதிய க வரிசை அப்படியே வந்துவிட்டது. 281, 283 வரைக்குமான எல்லா இரட்டைப் பகா ஜோடிகளையும் நாலே சல்லடையில் பிடித்துவிட்டோம், பகா எண்தானா என்று ஒன்றைக்கூடத் தனியாகச் சோதிக்கவில்லை.

அடிபட்ட எண்களுக்கும் ஒரு முகம் உண்டு. 4, 6, 8, 9, 11, 13, 14, 15, 16, 19, 20, … என்று போகும் அவை ஏ067611. ம, ந என்று ஏதாவது இரண்டு இயல் எண்களை எடுத்து 6 × ம × ந ± ம ± ந என்று (கூட்டல், கழித்தல் குறிகளை எப்படி வேண்டுமானாலும் போட்டு) கணக்கிட்டால் வருவதெல்லாம் இந்த வரிசையில்தான் விழும், இந்த வரிசையில் இருப்பதெல்லாம் அப்படித்தான் வரும். ம = 1, ந = 1 என்றால் 4, 6, 8. ம = 1, ந = 2 என்றால் 9, 11, 13, 15. காரணம் பெருக்கிப் பார்த்தாலே தெரியும்: 6ம ± 1, 6ந ± 1 இரண்டையும் பெருக்கினால் வருவது 6-இன் ஒரு மடங்குக்குப் பக்கத்து எண், அந்த மடங்கு எத்தனையாவது என்பதுதான் 6மந ± ம ± ந. ஆக, இரட்டைப் பகா ஜோடிகள் முடிவில்லாதவையா என்ற கேள்வியை 'பகா' என்ற சொல்லே இல்லாமல் இப்படிக் கேட்கலாம்: 6மந ± ம ± ந என்ற வடிவத்தில் எழுதவே முடியாத இயல் எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா? கேள்வி சுலபமாகிவிடவில்லை. ஆனால் வகுத்தலைப் பற்றிய கேள்வி மாதிரியே இல்லை, பாருங்கள்.

சல்லடையைப் பார்த்தால் இந்த ஜோடிகள் ஏன் சீக்கிரம் அருகிப்போகின்றன என்பதும் புரியும். சாதாரணப் பகா எண்களைச் சலிக்கும்போது 5 என்பது ஐந்தில் ஒன்றை மட்டும் அடிக்கும். இங்கே ஐந்தில் இரண்டை அடிக்கிறது, 7 ஏழில் இரண்டை, 11 பதினொன்றில் இரண்டை. அடி இரண்டு மடங்கு. 1000-க்குள் பகா எண்கள் 168, இரட்டை ஜோடிகள் 35. 10,000-க்குள் 1,229-க்கு 205. 10 லட்சத்துக்குள் 78,498-க்கு 8,169.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. 5, 7, 11, 13 நான்கையும் வைத்துச் சலித்தபின் ஒவ்வொரு 5,005 எண்களிலும் 3 × 5 × 9 × 11 = 1,485 எண்கள் தப்பிக்கின்றன, இந்தக் கணக்கு அப்படியே திரும்பத் திரும்ப வரும். அடுத்து 17-ஐச் சேர்த்தாலும் முடிவில்லாத எண்கள் தப்பிக்கும், 19-ஐச் சேர்த்தாலும் அப்படியே. எத்தனை பகா எண்களை வைத்துச் சலித்தாலும் எப்போதும் முடிவில்லாத எண்கள் மிஞ்சும். அப்படியானால் நிரூபித்தாயிற்றே என்று தோன்றும்! அங்கேதான் கால் வழுக்குகிறது. சல்லடைகளே முடிவில்லாதவை. நாலு சல்லடையில் தப்பித்தவன் ஐந்தாவதில் மாட்டலாம், ஆயிரமாவதில் மாட்டலாம். எல்லாச் சல்லடையிலும் தப்பிப்பவர்கள் முடிவில்லாமல் உண்டு என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. இருபதாம் நூற்றாண்டு முழுக்கச் சல்லடை முறைகளைத் தீட்டித் தீட்டிப் பார்த்தும் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. 2013-ல் யீடாங் ஷாங், 7 கோடிக்குள் ஏதோ ஓர் இடைவெளியில் நிற்கும் பகா ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். ஜேம்ஸ் மேனார்டின் புது முறையும் பலர் சேர்ந்து செய்த கூட்டு முயற்சியும் அடுத்த ஆண்டே அந்த 7 கோடியை 246-க்கு இறக்கின. நமக்கு வேண்டியது 2.

இடைவெளிகளையும் ஒரு வரிசையாக எழுதலாம். க வரிசையில் அடுத்தடுத்த எண்களைக் கழித்தால்: 1, 1, 2, 2, 3, 2, 5, 1, 5, 2, 5, 2, 1, 5, 2, 5, 2, 5, 6, 12, … 5 அடிக்கடி வருவது தற்செயல் இல்லை, ஐந்தின் சல்லடையில் தப்பித்த மீதி ஐந்து தள்ளியும் அதே சல்லடையில் தப்பிக்கும். 1 எங்கே வருகிறதோ அங்கே இரண்டு ஜோடிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம்: 17, 18 என்பது 101, 103, 107, 109 என்ற நால்வர், 32, 33 என்பது 191, 193, 197, 199. 1, 2, 3 என்று ஆரம்பத்தில் மூன்று எண்கள் தொடர்ந்து வந்த மாதிரி இனி வரவே வராது, ஏனென்றால் தொடர்ந்த மூன்றில் ஒன்றை 5 எப்படியும் அடித்துவிடும். மறுமுனையில் பெரிய பள்ளங்களும் உண்டு. 110-க்கு அடுத்தது 135. அதாவது 659, 661-க்குப் பிறகு அடுத்த ஜோடி 809, 811-தான். எழுநூறுகளில் ஒரு ஜோடிகூடக் கிடையாது. எண்ணூறுகளில் ஐந்து. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் இல்லை.

நடுவில் ஒரு கிளைக்கதை, முழு எண் வரிசை இல்லைதான், ஆனாலும் விட மனமில்லை. இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால், அதாவது (1/3 + 1/5) + (1/5 + 1/7) + (1/11 + 1/13) + … என்று போனால், அந்தக் கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டாது என்று 1919-ல் நார்வேயின் விக்கோ புரூன் நிரூபித்தார். எல்லாப் பகா எண்களையும் எடுத்து இப்படிக் கூட்டினால் எல்லையே இல்லாமல் வளரும்; இங்கே அடங்கிவிடுகிறது. 100 வரை கூட்டினால் சுமார் 1.331, 10 லட்சம் வரை சுமார் 1.711, ஒரு கோடி கோடி வரை போனாலும் 1.820-தான், ஆமை வேகம். கடைசியில் 1.902-க்குப் பக்கத்தில் நிற்கும் என்பது மதிப்பீடு. இந்தக் கூட்டலைக் கணினியில் செய்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு 1994-ல் விடைகள் ஒத்துவரவில்லை. தோண்டித் துருவிப் பார்த்தால் 824633702441, 824633702443 என்ற ஜோடியின் தலைகீழிகளை இன்டெல் பென்டியம் சில்லு தப்பாக வகுத்துக்கொண்டிருந்தது. வன்பொருளிலேயே பிழை. சில்லுகளை மாற்றித் தருவதற்கு இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. இரட்டைப் பகா எண்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் பதில் இது. நல்ல பதில் இல்லை என்றாலும் நல்ல கதை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வரிசை. இரண்டு இரட்டைப் பகா எண்களைக் கூட்டி (ஒரே ஜோடியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்றில்லை, ஒரே எண்ணை இரண்டு முறையும் கூட்டலாம்) எல்லா இரட்டைப்படை எண்களையும் உருவாக்க முடியுமா? 6 = 3 + 3, 8 = 3 + 5, 10 = 5 + 5, 12 = 5 + 7 என்று ஜோராகப் போகும். 2, 4 இரண்டும் ஆரம்பத்திலேயே முடியாதவை. அப்புறம் 92 வரை தடையே இல்லை. திடீரென்று 94, 96, 98 மூன்றும் முடியாது. பிறகு 400, 402, 404. அப்புறம் 514, 516, 518. முடியாதவை எப்போதும் மூன்று மூன்றாக வருகின்றன (ஏ007534). ஏன் மூன்று?

க வரிசைக்குப் போனால் கேள்வி அவிழ்ந்துவிடும். 3-ஐத் தவிர ஒவ்வொரு இரட்டைப் பகா எண்ணும் 6க − 1 அல்லது 6க + 1. இப்படிப்பட்ட இரண்டைக் கூட்டினால், இரு க-க்களின் கூட்டுத்தொகையை ஆறால் பெருக்கி, அதிலிருந்து 2 குறைத்தோ, அப்படியேவோ, 2 கூட்டியோ வரும். 96 என்பது 6 × 16. 94, 96, 98 மூன்றுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: க வரிசையில் கூட்டினால் 16 வரும் இரண்டு எண்கள். அவை கிடைத்தால் மூன்றும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் மூன்றும் போச்சு. பார்த்துவிடலாம். 16-க்குள் வரிசையில் இருப்பவை 1, 2, 3, 5, 7, 10, 12. துணைக்கு வேண்டியவை முறையே 15, 14, 13, 11, 9, 6, 4. ஒன்றுகூட வரிசையில் இல்லை! மிச்சமிருக்கும் 3-ஐ வைத்தும் முயன்று பார்க்கலாம், அதற்கு 91, 93, 95 வேண்டும், மூன்றும் பகு எண்கள். ஆக 16 சிக்கவில்லை. 2 முதல் 15 வரை எல்லாம் சிக்குகின்றன, 17-உம் சிக்குகிறது (5 + 12).

ஆக (ஆரம்பத்து 2, 4-ஐ விட்டால்) முப்பத்து மூன்று விதிவிலக்குகள் என்று நீளமாகப் போகும் பட்டியல் இப்படிச் சுருங்குகிறது. க வரிசையிலிருந்து இரண்டு எண்களைக் கூட்டி அடைய முடியாத எண்கள்:

1, 16, 67, 86, 131, 151, 186, 191, 211, 226, 541, 701

அவ்வளவுதான், இதற்கு மேல் கண்டுபிடிக்கப்படவில்லை. கடைசி இலக்கத்தைப் பார்த்தீர்களா? 67-ஐத் தவிர எல்லாம் 1-இலோ 6-இலோ முடிகிறது. க வரிசையில் (1-ஐ விட்டால்) 5-ஆல் வகுக்கும்போது வரும் மீதிகள் 0, 2, 3 மட்டுமே. இரண்டைக் கூட்டி மீதி 1 வர வேண்டுமானால் 3 + 3 என்ற ஒரே வழிதான். மீதி 0 வர 0 + 0, 2 + 3 என்று வழிகள் அதிகம். வழி குறுகலான இடத்தில்தான் விபத்து நடந்திருக்கிறது. ஆனால் மீதி 4-க்கும் 2 + 2 என்ற ஒரே வழிதான் இருக்கிறது, அங்கே ஒரு விபத்தும் இல்லை, இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது என்பதால் மேலே போகிறேன்.

67 தனி ஆள். மீதி 2, ஆகவே ஒரு பக்கம் 5-இன் மடங்கு இருந்தாக வேண்டும். வரிசையில் 67-க்குள் இருக்கும் 5-இன் மடங்குகள் 5, 10, 25, 30, 40, 45. துணை எண்கள் 62, 57, 42, 37, 27, 22. இந்த ஆறும் வரிசையில் ஏன் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்: 6 × 62 − 1 = 371 = 7 × 53; 6 × 57 − 1 = 341 = 11 × 31; 6 × 42 + 1 = 253 = 11 × 23; 6 × 37 − 1 = 221 = 13 × 17; 6 × 27 − 1 = 161 = 7 × 23; 6 × 22 + 1 = 133 = 7 × 19. ஆறு கதவும் அடைப்பு. ஒன்றே ஒன்று திறந்திருந்தால் 400, 402, 404 மூன்றும் பட்டியலுக்கே வந்திருக்காது.

701-இன் ஆறு மடங்கு 4206. ஆக முடியாத இரட்டைப்படை எண்களில் கடைசி 4208. அதற்குமேல் எல்லா இரட்டைப்படை எண்ணையும் இரண்டு இரட்டைப் பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்ற ஊகத்தை 1979-ல் ஸ்விலிங்கர் என்பவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். பார்க்கச் சாதாரணக் கூட்டல் விளையாட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் இதை ஒருவர் நிரூபித்துவிட்டால் இரட்டைப் பகா ஜோடிகள் முடிவில்லாதவை என்பதும் அதே மூச்சில் நிரூபணமாகிவிடும்: க வரிசை எங்கேயோ முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் கடைசி எண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் எதையும் கூட்டி அடைய முடியாதே. மறுபக்கம் அப்படி இல்லை. ஜோடிகள் முடிவில்லாதவை என்று நாளைக்கே யாராவது காட்டிவிட்டாலும், 701-க்கு அப்பால் இன்னொரு எண் சிக்காமல் நிற்கிறதா என்ற கேள்வி அப்படியே இருக்கும்.